பட்டு போர்த்திய சர்வர்

என் வேலை உட்கார்ந்திருப்பது. மலாக்கா டவுனில் கம்பெனி அலுவலகம். மேசையில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் போன். அலோர் காஜா பக்கம் கம்பெனியின் செம்பனை ஆலையில் ஒரு சர்வர் ஓடியது. வரும் லோரிகளின் எடையை எல்லாம் அதுதான் பதிந்து வைக்கும். அது நின்றால் எடை மேடை நிற்கும். பழக்குலை ஏற்றிய லோரிகள் ரோடு வரைக்கும் வரிசை கட்டும்.

அந்த சர்வரை நான் டவுனிலிருந்தே பார்த்துக்கொண்டேன். போன் லைன் வழியாக உள்ளே போவேன். எஸ்.எஸ்.எச். என்று பெயர். நடுவில் எவனும் ஒட்டுக்கேட்க முடியாத வழி. உள்ளே போய்க் கட்டளை அடிப்பேன். எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறாய், டிஸ்கில் இடம் இருக்கிறதா, பெட்டி எவ்வளவு சூடு. கேட்டதற்குப் பதில் சொல்லும். கேட்காததைச் சொல்லாது. எனக்கு ஒத்துப்போகிற குணம்.

படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன் நான். இந்த நாற்காலிக்கு முன் ஸ்டோரில் உர மூட்டை தூக்கினேன். சர்வரைப் பார்க்க அப்போதெல்லாம் வேனில் ஆள் போய் வருவான். போகாமலே பார்க்கலாம் என்று ஆனதும் மேனேஜர் என்னை உட்கார வைத்தார். வைக்கும்போதே சொன்னார்.

"வருஷக் கடைசி வரைக்கும் பாப்பேன். மெஷின் ஒரு தடவ நின்னா, பழையபடி வேன்தான். நீ ஸ்டோருக்குப் போயிரு."

சரி சார் என்றேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வேலை நாளில் வந்தது. ஆலையின் எடை மேடையில் வேலை பார்த்த அக்கா காலையிலேயே போன் செய்தார். லோரிகளுக்கும் மேடைக்கும் மத்தியானம் பூஜை. அன்றைக்கு மெஷின்களுக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம். சர்வரை மட்டும் அணைக்கக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. அது அக்காவுக்கு மனக்குறை.

"எல்லாத்துக்கும் ஓய்வு, அது மட்டும் பாவம் ஓடணுமா தம்பி? சரிலா. அதுக்கு நான் நல்லபடியா செஞ்சி விடுறேன்" என்றார்.

பொட்டு வைப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் உள்ளே போனேன். சூடு வழக்கத்தை விடக் கூடுதல். மறுபடி கேட்டேன். இன்னும் ஏறியிருந்தது. வேலைப் பளு எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றுமே இல்லை. சும்மா கிடக்கிற மெஷின் கொதிக்கிறது. ஓர் அளவைத் தாண்டினால் அது தானாகவே அணைந்துவிடும்.

அக்கா சொன்ன 'நல்லபடியா' அப்போதுதான் மண்டைக்குள் ஏறியது. மரியாதை செய்கிறேன் என்று எதையோ போட்டு மூடிவிட்டார். காற்றுப் போக வழியில்லை.

போன் செய்ய வேண்டும். ஆனால் சர்வர் இருக்கும் எடை மேடை அறைக்கு ஒரே லைன். அதில்தான் நான் இருக்கிறேன். பார்த்தால் பேச முடியாது, பேசினால் பார்க்க முடியாது. துண்டித்துவிட்டு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்காததால், சர்வரை லைனில் சேர்க்கும் மோடம் எடுத்து என் காதில் கீச்சென்று கத்தியது. எல்லோரும் வெளியே, லோரிப் பக்கம்.

திரும்ப உள்ளே போனேன். அங்கே இருந்த திரையில் செய்தி போட்டேன். பதில் இல்லை. சூடு ஏறியது. மேனேஜர் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"வேனை எடுக்கச் சொல்லவா?"

"வேணாம் சார்."

வேன் போய்ச் சேர்வதற்குள் அணைந்துவிடும். வேன் புறப்பட்டால் நானும் புறப்பட வேண்டியதுதான்.

அதே அறையில் எடைச் சீட்டு அடிக்கும் பிரிண்டர் ஞாபகம் வந்தது. பழைய ஊசிப் பிரிண்டர். ஓடினால் தகரத்தைக் கிழிக்கிற சத்தம். இங்கிலீஷ் எழுத்தில் ஒரே ஒரு தமிழ் வரி அடித்தேன். அக்கா, பெட்டி மேல இருக்கிற துணிய எடுங்க. அதையே நிறுத்தாமல் அடிக்கச் சொல்லிப் பிரிண்டருக்கு அனுப்பினேன்.

சூட்டைக் கேட்டேன். ஏறியது. கேட்டேன். ஏறியது. மேனேஜர் மூச்சு விடுவது கேட்டது. கேட்டேன். அதே எண். கேட்டேன்.

இறங்கியது.

பிரிண்டரை நிறுத்தினேன். லைனை விட்டேன். உடனே அக்கா கூப்பிட்டார். பெட்டிக்குப் புதுப் பட்டுத் துணி போர்த்தி, அதன் மேல் மாலை சுற்றி, அதற்கும் மேல் பொரி கடலைத் தட்டு வைத்திருக்கிறார். வெளியே லோரிக்குக் கற்பூரம் காட்டும்போது உள்ளே பிரிண்டர் தானாகக் கத்த ஆரம்பித்திருக்கிறது. ஆள் இல்லாத அறை. லோரி டிரைவர் ஒருவர், "அக்கா, ஒங்க பெட்டிக்கு சாமி வந்திருச்சி, வாக்கு சொல்லுது" என்றாராம். கற்பூரத் தட்டோடு ஓடிப்போய்க் காகிதத்தைப் பார்த்திருக்கிறார்.

"நானும் சாமின்னுதான் நெனச்சேன். அப்புறம் பாத்தா அக்கான்னு போட்டிருக்கு. சாமி என்னை அக்கான்னு கூப்பிடுமா தம்பி? அப்பதான் நீன்னு தெரிஞ்சிச்சி" என்றார்.

சிரித்தேன். அலுவலகத்தில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மேனேஜர் சிரிக்கவில்லை. நிற்காமல் ஓடிய கணக்கைக் காட்டச் சொன்னார். மறுபடி உள்ளே போய் அடித்தேன். கணக்கு அறுபடவில்லை. நான் உட்கார்ந்த முதல் நாளிலிருந்து ஒரே ஓட்டம்.

அவர் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார்.

"பெம்பான் ஆலை சர்வரையும் நீயே பாத்துக்க. வருஷக் கடைசி வரைக்கும் எல்லாம் பாக்க வேணாம். ஸ்டோருக்கு வேற ஆள் போட்டுக்கிறேன்."

சரி சார் என்றேன். போய்விட்டார்.

அதே கட்டளையை இன்னொரு தடவை அடித்தேன். தேவையில்லை. பார்க்க நன்றாக இருந்தது.