சிதம்பரம் கிளைக்கு ஒரு வினாடி

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கேபிள் இழுக்கப் போய், கடைசியில் ஒரு ஸ்கேன் சென்டரின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் உட்கார்ந்தேன். தலைமை அலுவலகம் கடலூர் செம்மண்டலத்தில். சிதம்பரம், மங்கலம்பேட்டை என்று வெளியூர்க் கிளைகள். என் மேசைத் திரை ஒவ்வொரு கிளை ரவுட்டரையும் அடிக்கடி கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது டைம் அவுட். வராவிட்டால் இன்னும் எத்தனை தடவை கேட்பது என்பது ரீட்ரை. அமைத்துக் கொடுத்தவர்கள் ஐந்து வினாடி, மூன்று தடவை என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கெடுத்தது நான்தான். ஒருநாள் மங்கலம்பேட்டை லைன் அறுந்தபோது, நான் சொல்வதற்கு முன் அங்கிருந்து போன் வந்துவிட்டது. "நீ எதுக்குய்யா இங்க உக்காந்திருக்க?" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்கு ஏற்கெனவே எதற்கெடுத்தாலும் பயம். அன்றைக்கே எல்லாக் கிளைக்கும் ஒரு வினாடி, ரீட்ரை பூஜ்யம் என்று மாற்றினேன். இனி எதுவும் தப்பாது என்று நினைப்பு.

அடுத்த வாரமே சிதம்பரம் சிவந்தது. தினமும் காலை பத்து மணிக்கு மேல் சிவப்பு, சிவப்பு. அந்த ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "லைனப் புடுங்கிட்டுக் கத அடிக்குது அந்தம்மா" என்று மேனேஜர் தீர்ப்பு எழுதிவிட்டார். அவர் சொன்னது சிதம்பரத்து அக்காவை; அங்கே கம்ப்யூட்டர் வேலை முழுவதும் அந்த ஒருவர் தலையில். வீட்டில் பக்கவாதத்தில் விழுந்த மாமனார். மதியம் மேல வீதி வீட்டுக்கு ஓடிப்போய் சோறு ஊட்டிவிட்டு ஓடி வருவார். அவரை மங்கலம்பேட்டைக்கு மாற்றப் போகிறார்களாம். விருத்தாசலம் போய் பஸ் மாற வேண்டும். மதியச் சோறு யார் ஊட்டுவது?

அக்கா எனக்குப் போன் செய்தார். "தம்பி, நான் ஒயரத் தொடவே இல்லப்பா. லைட்டு எரியுது, படம் போவுது. உன் பெட்டி மட்டும் ஏன் செத்துப்போச்சுன்னு சொல்லுது?"

"பாக்குறேன்க்கா."

பார்த்தேன். எக்ஸ்ரே படங்கள் மொத்தமாகக் கடலூருக்கு ஏறும் நேரத்தில் லைன் திணறுகிறது. ரவுட்டர் பதில் சொல்ல இரண்டு, மூன்று வினாடி ஆகிறது. அதற்குள் என் திரை சிவந்துவிடுகிறது. நோயாளிகள் ஜாஸ்தி வந்த நாளில் சிவப்பும் ஜாஸ்தி. அவர் எவ்வளவு வேலை செய்தாரோ அவ்வளவு குற்றம்!

தெரிந்தும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். பிறகு சத்தமில்லாமல் சிதம்பரத்துக்கு மட்டும் பழையபடி ஐந்து வினாடி, மூன்று தடவை வைத்தேன். சிவப்பு நின்றது.

மறுநாள் மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தியா? மாத்தறேன்னு ஒரு வார்த்த சொன்னேன், அடங்கிடுச்சு. இதவிட என்னய்யா சாட்சி? இன்னைக்கே ஆர்டர்ல கையெழுத்து."

எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. "சார், உக்காருங்க" என்றேன். அக்காவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். "அக்கா, காலைல எடுத்த படத்தயெல்லாம் அனுப்புங்க." அனுப்பத் தொடங்கினார். மேனேஜர் பார்க்கவே மறுபடி ஒரு வினாடி, பூஜ்யம் என்று வைத்துச் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். சிதம்பரம் சிவந்தது. பக்கத்துத் திரையில் அதே சிதம்பரத்திலிருந்து ஒரு முழங்கால் வந்து இறங்கியது. அடுத்து ஒரு தோள்பட்டை.

"செத்த லைன்ல படம் எப்பிடி சார் வருது?"

அவர் முகம் கறுத்தது. "ஒரு செகண்டுன்னு வச்சது யாரு?"

"நான்தான்."

"எட்டாவது படிச்சவன உக்கார வச்சா இப்பிடித்தான்."

"கண்டுபிடிச்சதும் அந்த எட்டாவதுதான் சார்! மூணு நாளா எனக்குத் தெரியும், பயந்துகிட்டு சொல்லல. நீங்க ஒரு வாட்டி, ஒரே வாட்டி, அவுங்களக் கூப்பிட்டுக் கேட்டீங்களா?" என் குரல் இறங்கவில்லை.

அவர் கையிலிருந்த மாற்றல் ஆர்டரை என் மேசை இழுப்பறையில் திணித்தார். எழுந்து போய்விட்டார்.

ஸ்பீக்கர் இன்னும் அணையவில்லை. "தம்பி" என்றார் அக்கா. "மூணு நாளாத் தெரியுமா? அந்த மூணு நாளும் எனக்குச் சோறு எறங்கலப்பா." போனை வைத்துவிட்டார்.

அக்கா சிதம்பரத்திலேயேதான் இருக்கிறார். மேனேஜர் அவரிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஆளை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். நானும் இன்னும் கேட்கவில்லை.