கப்பல்காரர் அனுப்பும் முத்திரைகள்

கல்முனையில் மழை பிடித்துக்கொள்ள, பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு கைத்தறிப் புடவைக் கடைக்குள் ஒதுங்குகிறேன். கடைக்காரி நஸ்ரியாவுக்கு என் வயதுதான் இருக்கும். நான் தபால் முத்திரை சேர்க்கிறவள் என்றதும், மேசை லாச்சியை இழுத்து, தன் முத்திரை ஆல்பத்தை எடுத்து நீட்டுகிறாள்.

எல்லாமே உலோகத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சிட்டவை. பாய்மரக் கப்பல்கள் மிதக்கும் பழங்கால வரைபடங்கள், பனிமலைகள், அருவிகள். தடவினால் மையின் மேடு விரலில் தட்டுப்படுகிறது. பல வருடமாக நான் தேடும் ஒரு தீவின் வரைபடமும் இருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

"எங்க வாங்கினீங்க?"

"நான் வாங்கல்ல. எங்கட அவருக்குக் கப்பல்ல வேலை. கலியாணம் முடிச்ச புதுசில, பழைய வரைபடம் வடிவா இருக்கெண்டு ஒருக்காச் சொன்னன். அண்டையிலிருந்து இண்டைவரைக்கும் இறங்கிற ஊரெல்லாம் தேடி எடுத்து அனுப்புறார்." பக்கத்தைப் புரட்டியபடி கேட்கிறாள், "உங்களுக்கு ஆர் வாங்கித் தாற?"

"நானேதான்" என்கிறேன்.

இப்போது அந்தத் தீவின்மேல் எனக்கு ஆசை இல்லை. முன்பின் தெரியாத ஊரில் இறங்கி, இவளுக்காகத் தபாற்கந்தோர் தேடி நடக்க ஒருவர் இருக்கிறாரே, அதுதான் பொறுக்கவில்லை.