பெரிய மேட்டின் உயரம்

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் சிகரம். ஆள் ஐந்தடி இரண்டு அங்குலம். எங்கள் கடலோரப் பகுதியில் தண்ணீர்த் தொட்டியைத் தவிர நிமிர்ந்து பார்க்க எதுவும் கிடையாது. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஜனங்கள் நாங்கள். இப்படி ஒரு ஊரில் ஒருவருக்கு மலைப் பைத்தியம் பிடித்தால் என்ன செய்வார்? இருக்கிற மேட்டையெல்லாம் மலை என்று சொல்லிக்கொண்டு ஏறுவார். நாற்பது வருடமாக அவர் அதைத்தான் செய்துவந்தார்.

நிஜமான மலைக்கும் ஒரு தடவை போனோம். இரண்டாம் நாளே பெட்டியைக் கட்டிவிட்டார். "எங்க திரும்பினாலும் மலை. இதுல எதைன்னு பார்க்கிறது?" என்றார். பணம் போனதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஃப்ளாஸ்கில் டீ, கையில் ஒரு நோட்டு, கூட நான். ஒவ்வொரு மேட்டுக்கும் அந்த நோட்டில் ஒரு பக்கம் உண்டு. மணல் மேடு, 6.18 மீட்டர், மூன்று படகும் ஒரு கலங்கரை விளக்கமும் தெரியும். பழைய ரயில் கரை, 4.75 மீட்டர், ரயில் தெரியும், ரயிலில் போகிறவர்களுக்கு நாம் தெரிவோம். குப்பை கொட்டி மூடிப் புல் முளைத்த மேட்டுக்கும் பக்கம் ஒதுக்கியிருந்தார், 10.71 மீட்டர், காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் நல்ல காட்சி. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் பக்கத்தில், சிவப்பு மையில் பெரிய மேடு. 11.42 மீட்டர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம், நடுவே எங்கள் ஊர் முழுவதும்.

அந்த 11.42 அவர் அளந்தது. நில அளவை அலுவலகத்தில் அவருக்கு மட்டம் பார்க்கிற வேலை. முக்காலியில் கருவியை வைத்து அவர் கண்ணை ஒட்டிக்கொண்டு நிற்பார். நாற்பது மீட்டர் தள்ளி அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் நிற்க வேண்டும். அந்த இன்னொருவர் நான், அதே அலுவலகத்தில் கோல் பிடிக்கிற வேலை எனக்கு. கோலில் தெரிகிற எண்ணை அவர் படித்து எழுதுவார், அடுத்த கல்லுக்கு நகர்வோம், இப்படியே மேலே ஏறுவோம். அந்தக் காலத்துக் கருவியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். ஆக, அவர் என்னை முதன்முதலில் ஆசையாகப் பார்த்ததே தலைகீழாகத்தான். "நேராப் பார்த்தப்புறம் கொஞ்சம் ஏமாந்துட்டேன்" என்று இன்றைக்கும் வம்புக்கு இழுப்பார். பெரிய மேட்டை அளந்து இரண்டு வாரத்தில் எங்களுக்குக் கல்யாணம்.

மேட்டின் உச்சியில் கல் நட்டு, பெஞ்ச் போட்டு, 'இப்பகுதியின் மிக உயரமான இடம்' என்று பலகை வைத்தார்கள். போன வருடம் மேட்டின் பாதியில் வெள்ளக்காலப் பாதுகாப்பு மண்டபமும் கட்டினார்கள். உச்சிக் கல்லிலிருந்து கீழே அளந்து, ஆறு மீட்டர் உயரத்தில் தரை போட்டார்கள். பழைய பெருவெள்ளம் ஏறியது ஐந்து புள்ளி ஆறு மீட்டர். புயல் வந்தால் ஊர் மொத்தமும் அங்கேதான் போக வேண்டும். மழைக்காலத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

அப்போதுதான், நாங்கள் ஓய்வு பெற்ற அலுவலகத்தின் புதுப் பொறியாளர் வீட்டுக்கு வந்தாள். என் மகள் வயது. செயற்கைக்கோளோடு பேசுகிற கருவியை உச்சிக் கல்லில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"சார், பத்து புள்ளி மூணு ரெண்டுதான் காட்டுது. மூணு நாள் வெச்சுப் பார்த்துட்டேன்."

இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. டீ டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆகாசத்துல இருக்கிறதுக்கு என்னம்மா தெரியும்? நான் ஏறும்போதும் அளந்தேன், இறங்கும்போதும் அளந்தேன். ரெண்டும் ஒரு மில்லி பிசகாம ஒத்துப்போச்சு. மறுபடியும் அளப்போம், வா."

மறுநாள் காலை மூவரும் போனோம். அறுபத்தைந்து வயதில் அவர் கருவிக்குப் பின்னால், அறுபத்திரண்டு வயதில் நான் கோலோடு. அந்தக் கோல் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும், இழுத்து நீட்ட வேண்டும். நீட்டினேன். முழுவதும் வந்ததும் பூட்டு 'டக்'கென்று விழுந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் எனக்கு நினைவு வந்தது. முதன்முதலில் இந்த மேட்டை அளந்த நாளில் இந்த 'டக்' கேட்கவேயில்லை. அன்றைக்குப் பூட்டின் ஸ்பிரிங் இறுகிக் கிடந்தது. என் விரலைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இன்னொரு விரலிலும் கட்டோடு நிற்பதா என்று, பூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே கோலை நிறுத்தி, ஒரு நீலத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். ஆடவில்லை, அசையவில்லை. வேலை முடிந்ததென்று அதை மறந்தும்போனேன். கோல் பத்து சென்டிமீட்டர் குட்டையாக இருந்தால் மேல் துண்டின் எண்களெல்லாம் கீழே இறங்கிவிடும், ஒவ்வொரு இடத்திலும் அங்கே படிக்கிற எண் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக வரும். ஏறும்போது கூடியது இறங்கும்போதும் அதே அளவு கூடியிருக்கும், கணக்கு ஒத்துத்தான் போகும். வேலை பார்த்த காலமெல்லாம் கோல் பிடித்த எனக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே.

அவரிடம் சொல்லப் பயம். பழைய கற்கள் அப்படியே இருந்ததால் அதே பதினோரு இடங்களில் நின்று ஏறினோம். அவர் ஒவ்வொரு இடத்திலும் பழைய குறிப்பைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். உச்சியில் கூட்டிப் பார்த்தால் பத்து புள்ளி மூன்று இரண்டு. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கடலையும் பார்க்கவில்லை, உப்பளத்தையும் பார்க்கவில்லை.

"என் கண்ணுதான்மா. தப்பாப் படிச்சிருக்கேன். அப்படியே எழுதிக்கோ," என்றார் பொறியாளரிடம்.

அவள் போனில் பேசத் தள்ளிப்போனாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"உங்க கண்ணு இல்லைங்க. நான்தான். அன்னிக்குக் கோலைப் பூட்டல. துணியால கட்டிட்டேன்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும். மூணாவது கல்லுலயே தெரிஞ்சுபோச்சு. பதினோரு இடம், ஒவ்வொண்ணுலயும் சரியாப் பத்து சென்டி. கண்ணு தப்புனா ஒரே மாதிரியா தப்பும்?"

"அப்புறம் ஏன் உங்க மேல போட்டுக்கிறீங்க?"

"அந்த நீலத் துணியை நான் பார்த்தேன். நாள் பூராவும் கருவியில பார்த்தேன். ஏன் கட்டியிருக்கேன்னு கேட்டிருக்கணும். நீ அழகுக்குக் கட்டியிருக்கேன்னு நினைச்சேன். கோலைப் பார்க்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். நான் கோலைப் பார்க்கல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதைச் சொல்வதற்கு இப்படி ஒரு நேரம்தானா கிடைத்தது?

இறங்கும் வழியில் மண்டபத்துக்குள் நுழைந்தார். உள்ளே பெயிண்ட் வாசனை போகவில்லை. சுவரில் 'தாய்மார்கள், குழந்தைகள், நடக்க முடியாதவர்கள்' என்று எழுதியிருந்தது. மாடி கிடையாது. ஆறு மீட்டர் என்று நம்பிப் போட்ட தரை, நிஜத்தில் நான்கு புள்ளி ஒன்பது.

"கோலைப் பிடி," என்றார். சுவரோரம் பிடித்தேன். பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்து எழுபது சென்டிமீட்டரில் நீளமாக ஒரு கோடு போட்டார். பழைய வெள்ளம் திரும்பி வந்தால் இங்கே தண்ணீர் நிற்கிற இடம். என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. இவ்வளவுதானா என்று எனக்கு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஆறுதலாகக்கூட இருந்தது.

கீழ்த்தெருப் பெண் ஒருத்தி புது மண்டபத்தைப் பார்க்க வந்தவள், இடுப்பிலிருந்த பெண் குழந்தையை இறக்கிவிட்டாள். ஒரு வயது இருக்கும், புதிதாக நடக்கப் பழகியது. தத்தித் தத்திப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. சிவப்புக் கோடு அதன் மூக்குக்கு மேலே ஓடியது.

"என்னங்க கோடு இது?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

இவர் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"தண்ணி வர்ற இடம்மா," என்றேன். "புயல் வந்தா இங்க வராதீங்க. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. இந்த மேட்டைத் தப்பா அளந்தது நாங்க."

அவள் கோட்டைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.