பொம்மை ரயிலுக்கு ஜல்லி

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். லீவு நாளில் வீட்டு மேஜையில் பொம்மை ரயில்பாதை கட்டுவதுதான் என் பைத்தியம். தண்டவாளத்துக்கு அடியில் போட, பார்த்தால் நிஜ ஜல்லி போலவே, ஆனால் ரவை அளவில் கல் வேண்டியிருந்தது. சூளகிரிப் பக்கம் கல் உடைக்கும் கிரஷர் ஒன்றுக்குப் போனேன்.

அங்கே வாட்ச்மேன் அந்தோணி அண்ணன்தான் இருந்தார். கல்தூளைச் சல்லடையில் அள்ளியவர், "தண்ணி தெளிச்சிக்கட்டா சார்?" என்றார்.

"வேணாங்கண்ணா. நனைஞ்சா கலர் மாறிடும். அசல் மாதிரியே இருக்கணும்."

"பொம்மைக்கா இவ்ளோ ரோதனை!" என்று சிரித்துக்கொண்டே சலித்தார். நான் மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று, "இன்னும் சன்னமா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாவது சலிப்பில் அவருக்கு வந்த இருமல் நிற்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து ஷெட்டிலிருந்து அவர் மனைவி ஓடிவந்தார். "நெஞ்செல்லாம் கல்லுத்தூசின்னுதானே உன்ன மெஷின்லருந்து எடுத்து வாட்ச்மேனா போட்டாங்க! எதுக்குய்யா சல்லடையத் தொட்ட?"

"சார் ஆசையா கேட்டாரு" என்றார் அவர், மூச்சிரைப்புக்கு நடுவில்.

எதற்காகத் தண்ணீர் தெளிக்கக் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் போய்விட்டார். நுரையீரல் ஏற்கெனவே போயிருந்தது என்றார் டாக்டர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது அந்த அம்மா கோபப்படவில்லை. "உங்க ரயிலு ஓடுதா சார்?" என்று மட்டும் கேட்டார்.

திட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.