ஹெல்மெட்டுக்குள் இருந்தது நான்

வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்த இடத்தில், செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம் முதன்முதலாக ஒர்க்‌ஷாப் போட்டவன் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். என் நைனாவுக்கு ஒரு மாட்டு வண்டிகூடச் சொந்தமாக இருந்ததில்லை. நான் பழைய ஃபிரிட்ஜ் மோட்டாரை வைத்துக் காற்றடிக்கும் மெஷின் கட்டினேன். நடக்க முடியாத ஒருவருக்கு மொபெட்டில் மூன்றாவது சக்கரம் பூட்டிக் கொடுத்தேன். அவர் அதில் திருவண்ணாமலை வரை போய் வந்தார். இரண்டு பெண்களையும் இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். மாடி வீடு கட்டினேன். மாடிப்படிக்குக் கைப்பிடி என் கையால் வெல்டிங் வைத்தது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் யானை சாய்ந்தாலும் ஆடாது.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த ஊரில் நான் ஒன்று சொன்னால் அதற்கு ஒரு எடை உண்டு என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த எடை எடுபடாமல் போனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன வாரம் பேங்கில் வேலை செய்கிற ஒருவர் புது பைக்கை முதல் சர்வீசுக்குக் கொண்டுவந்தார். ரோடில்லாத இடத்தில் ஓட்டுவதற்கென்றே செய்த பைக். எங்கள் காலத்தில் எல்லா வண்டியும் ரோடில்லாத இடத்தில்தான் ஓடியது, யாரும் அதற்குத் தனிப் பெயர் வைக்கவில்லை. கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். புது ரப்பர் வாசனை ஷெட் முழுக்கப் பரவியது. புதுச் சட்டையை மோந்து பார்க்கிற மாதிரி நான் அந்த டயருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அப்போது அவர் போனை நீட்டிக் கேட்டார்.

"ண்ணா, இந்த ரிவ்யூ எல்லாம் நம்பலாமா? அப்ப புக்குல வந்துச்சே, அதாவது நம்பற மாதிரி இருந்துச்சா?"

கேட்டாரே ஒரு கேள்வி. அவருக்கு அன்று டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். நீங்களும் டீ குடித்துக்கொண்டே கேட்கலாம்.

சென்னையிலிருந்து ஒரு மோட்டார் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. தமிழ்ப் பத்திரிகைதான். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் கிளிப்பு மாட்டித் தொங்கும். மசகு படிந்த கையோடு நான் தொட்டால் கடைக்காரர் முறைப்பார். அதனாலேயே தொடுவேன். தொட்டுவிட்டால் வாங்கித்தானே ஆக வேண்டும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் சைலன்சர், கிளட்ச், கார்புரேட்டர் என்ற வார்த்தைகளைக் கூட்ட வேண்டியதில்லை, பார்த்த உடனே கண்ணில் ஏறிவிடும்.

அந்தப் பத்திரிகைக்கு ரிவ்யூ எழுதுகிற தம்பி ஒருநாள் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். புதிதாக வந்த ஒரு மலையேறும் பைக்கை ஓட்டிப் பார்க்க, கூடவே கேமராக்காரரும். கோட்டை மலை மேல் வண்டி ஏற்ற விடமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, சீயமங்கலம் போகிற வழியில் இருந்த ஒரு மொட்டைப் பாறைக்குப் போயிருக்கிறார்கள். அதில் ஏறும்போது தம்பி விழுந்து, எழுந்து, திரும்பவும் விழுந்து, கை மணிக்கட்டு வீங்கி, வளைந்த பிரேக் லிவரோடு என் ஷெட்டுக்கு வந்து நின்றார்.

லிவரை நிமிர்த்தினேன். டயரை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது.

"இவ்ளோ காத்து வெச்சிக்கினு பாறையில ஏறினா அது பந்து மாதிரி தூக்கித்தான் அடிக்கும், தம்பி."

"கம்பெனி சொன்ன அளவுதாண்ணா வெச்சேன்."

"கம்பெனி இந்தப் பாறைய பாத்திருக்குதா?"

அவர் நல்ல பிள்ளை, சிரித்துவிட்டார். ஆனால் கை வீங்கிவிட்டதே, யார் ஓட்டுவது? வெயில் சாயுமுன் படம் எடுத்தாக வேண்டும் என்று கேமராக்காரர் பறந்தார். நான் ஷெட்டைச் சாத்திவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன்.

தம்பியின் ஜாக்கெட்டை எனக்குப் போட்டுவிட்டார்கள். ஜிப் வயிற்றுக்கு மேல் ஏறமாட்டேன் என்றது. ஹெல்மெட் சரியாக இருந்தது. எனக்குத் தலை சின்னது, அதைப் பற்றி வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஷூ பத்தவில்லை. ரப்பர் செருப்போடு ஏறினேன். டயரில் பாதிக் காற்றை இறக்கி, எழுந்து நின்றபடி, கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு, அந்தப் பாறையில் ஒரே மூச்சில் ஏறினேன். கீழே ஓடையில் இறங்கி, தண்ணீர் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி எழும்ப அக்கரை போனேன். கேமராக்காரர் இன்னொரு தரம் என்றார். ஏறினேன். இன்னொரு தரம் என்றார். எனக்கென்ன, சந்தோஷமாக ஏறினேன்.

அடுத்த இதழில் அட்டைப்படமே நான்தான். உள்ளே கட்டுரையில், "நமது நிருபர் செஞ்சிப் பாறையில் அநாயாசமாக ஏறினார்" என்று இருந்தது. படத்தைக் கணுக்காலோடு வெட்டியிருந்தார்கள், செருப்புக் கால் தெரியக்கூடாதாம். பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டு, தரமான ஷூ இல்லாமல் வண்டி ஓட்டாதீர்கள் என்று அறிவுரை.

டீக்கடையில் காட்டினேன். யாரும் நம்பவில்லை. டீ மாஸ்டர் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, "மூஞ்சியே இல்லாத படத்துல எவன் வேணாலும் நான்தான்னு சொல்லலாம்" என்றார். வீட்டில்தான் நியாயம் கிடைத்தது. என் சம்சாரம் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "ஜிப்பு மூடல பாருங்க. இது நீங்கதான்" என்றாள். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்தச் சாட்சியை டீக்கடையில் சொல்லவும் முடியாது.

ஊரில் என்னை நம்பிய ஒரே ஆள் ஏழுமலை. பனமலைப் பக்கம் நாலு வீட்டுப் பாலைச் சேர்த்து, கல்லும் முள்ளுமான வண்டிப்பாதையில் அனந்தபுரம் பால் சொசைட்டிக்குக் கொண்டுபோகிறவன். சின்ன வயதிலிருந்தே என் கூட்டாளி. பத்திரிகையை வாங்கிப் போய் வரி விடாமல் படித்தான். வந்து கேட்டான்.

"மெய்யாலுமே நீதான் ஏறனியா?"

"பின்ன, உங்க ஆயாவா ஏறுச்சு?"

அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவனும் அதே வண்டியை வாங்கிவிட்டான். பெருமையில் என் நெஞ்சு விரிந்ததைச் சொல்லி மாளாது. அவன் போகிற பாதைக்கு அந்த வண்டி வெண்ணெயாகத்தான் ஓடியது.

வெயில் காலம் வந்தது. ஒருநாள் டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது ஏழுமலை பால் கேனைக் கொண்டுவந்து என் எதிரில் பெஞ்சு மேல் வைத்தான். மூடியைத் திறந்தான்.

"இத்த மோந்து பாரு."

புளிப்பு மூக்கில் ஏறியது. பால் திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது. சொசைட்டியில் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்களாம். அன்றைக்கு மட்டுமல்ல, முந்தின நாளும் அப்படித்தான்.

என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த வகை வண்டிக்கு சைலன்சர் கீழே இருக்காது. தண்ணீர் புகக்கூடாது என்று சீட்டுக்குப் பக்கத்தில் தூக்கி வைத்திருப்பார்கள். பத்திரிகையில் அதைத்தான் ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தார்கள், அதில் பொய் ஒன்றுமில்லை. நான் ஓடையில் இறங்கியபோது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. ஆனால் ஏழுமலை இரண்டு பக்கமும் கேன் கட்டித் தொங்கவிடுகிறவன். வலது பக்கத்துக் கேன் அந்தச் சைலன்சர் மேலேயே உட்கார்ந்து அனந்தபுரம் வரை வெந்துகொண்டே போயிருக்கிறது.

"இங்க பாரு. படத்துல இருக்கறது நீயா, இல்லியா?" என்றான். "நீ இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. நான் பத்திரிகக்காரன திட்டிட்டுப் போறேன். நீதான்னா, இந்தப் பாலுக்கு நீ பதில் சொல்லு. நாளைக்கும் இப்டி எட்த்துனு போனா வீட்டுக்கு வீடு வேற ஆளுக்குப் பால் ஊத்திடுவாங்க."

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இவர்களில் ஒருத்தர்கூட நம்பவில்லை, நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் ஏறினது நானாயிற்றே. அந்தப் பாறையை எப்படி இல்லை என்று சொல்வது?

"நான்தான். வண்டிய ஷெட்டுக்குத் தள்ளு" என்றேன்.

இரண்டு கேனும் சீட்டுக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற மாதிரி இரும்புச் சட்டம் அடித்தேன். சைலன்சர் பக்கம் தகரத் தடுப்பு, அதற்கும் கேனுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி விட்டு, காற்று வந்து போக வழி. தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். என் சம்சாரம் கேட்டில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "தண்ணி திரியுமா? பால ஊத்திப் பாருங்க" என்றாள். அதுவும் சரிதான்.

மறுநாள் கறந்த பாலோடு, ஏழுமலையும் நானும் வெயில் ஏறின பிறகு வேண்டுமென்றே புறப்பட்டு, கல் பாதை முழுக்கக் குலுங்கி அனந்தபுரம் போய்ச் சொசைட்டிக்குள் நுழையாமல் நேராக என் வீட்டுக்கு வந்தோம். அவள் ஒரு சொம்பு பாலை அடுப்பில் ஏற்றினாள். கெட்ட பால் காய்ச்சும்போது காட்டிக்கொடுத்துவிடும். ஏழுமலை அடுப்புக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

"எதுக்கு இவ்ளோ டென்ஷன்? பால்தானே" என்றாள் அவள்.

ஓரத்தில் நுரை கட்டியது. நடுவில் ஆடை படர்ந்து சுருங்கியது. பிறகு வெள்ளை வெளேரென்று முழுசாக எழும்பிப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அடுப்பைத் துடைக்க வேண்டியவளே கைதட்டினாள். ஏழுமலை எழுந்து போய்க் கேனைத் தூக்கிச் சட்டத்தில் வைத்தான். அந்த வெயில் காலத்தில் அதற்குப் பிறகு அவன் பாலைச் சொசைட்டியில் திருப்பவில்லை.

பத்திரிகைத் தம்பிக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். வந்தார். எங்கள் வீட்டில் சாப்பிட்டார். வண்டியையும் சட்டத்தையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். ஏழுமலை சட்டத்தில் கை வைத்து, தலை வாரி, மந்திரி மாதிரி நின்றான். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணா, கொஞ்சம் நகந்துக்கங்க, நிழல் விழுது" என்றார் கேமராக்காரர்.

நகர்ந்தேன். நல்ல வெளிச்சம் வேண்டும் அல்லவா?

இதழ் வந்தது. சைலன்சர் சூட்டைப் பற்றித் தெளிவாக எழுதியிருந்தார், பால்காரர்கள் கவனிக்கவும் என்று தனியாகப் போட்டிருந்தார். அதில் எனக்குக் குறையில்லை. படத்துக்குக் கீழே மட்டும், "தம் சொந்த யோசனையில் உருவாக்கிய சட்டத்துடன் திரு. ஏழுமலை" என்று இருந்தது. அவன் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டிவிட்டான்.

"யோவ், இது உன் யோசனையாயா?" என்று கேட்டேன்.

"படத்துல இருக்கறது நீதான்னு நீ சொன்னப்ப நான் நம்பனேன். சட்டம் என்னுதுன்னு பத்திரிகையே சொல்லுது, நீ நம்ப மாட்டியா?" என்றான்.

கோணலாகத் தொங்கிய அந்தக் கண்ணாடியை நேராக மாட்டிவிட்டு வந்தேன்.

பேங்குக்காரருக்கு நான் சொன்ன பதில் இதுதான். நம்பலாம். எழுதினதில் பொய் இருக்காது. ஆனால் வண்டி மேல் இருந்தது யார், அவர் என்ன சுமந்துகொண்டு போனார் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

இன்றைக்கு அந்தப் பத்திரிகை இல்லை. பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் போனுக்கு உறை விற்கிறார்கள். பால் வண்டி ஊருக்குள்ளேயே வந்து எடுத்துக்கொள்கிறது. ஏழுமலை அந்த பைக்கை விற்றுவிட்டு மகன் வீட்டோடு ஓசூர் போய்விட்டான். மறுபடி ஏறிக் காட்டு என்று யாராவது சவால் விட்டால் ஏறலாம், உடம்பில் தெம்பு இருக்கிறது. பாறைதான் இல்லை. ஜல்லிக்காக உடைத்து எடுத்துவிட்டார்கள், அந்த இடத்தில் பள்ளமும் பச்சைத் தண்ணீரும்தான் கிடக்கிறது.

ஆனால் அந்த இரண்டு படமும் இன்னும் போனில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பேங்குக்காரரே தேடி எடுத்துக் காட்டினார். அதை வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் சரி, அந்தத் தம்பியே ஆனாலும் சரி, ஒரு வேலை செய்யுங்கள். பாறையில் ஏறுகிற படத்துக்குக் கீழே என் பெயரைப் போடுங்கள். சட்டத்துக்குக் கீழேயும் என் பெயரைப் போடுங்கள். ஏழுமலையின் பெயரை எடுக்க வேண்டாம், பால் அவனுடையதுதான். என் பெயர் அதற்கு மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தால் போதும்.