ரீடிங் தேதிக்கு மட்டும்

சீல் என்றால்தான் அவரைத் தெரியும். கரண்ட் ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மீட்டரில் இருக்கும் ஈய சீலைத் தடவிப் பார்ப்பார், அப்புறம்தான் வீட்டுக்காரர் முகத்தை. காந்தம் வைத்தவன், மீட்டரைச் சாய்த்து மாட்டியவன், ஒயரைக் குறுக்கு வழியில் இழுத்தவன் எல்லோரும் அவரிடம் மாட்டியிருக்கிறார்கள். மாட்டினால் சும்மா விடுவாரா? மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி, "ரீடிங் தேதிக்கு மட்டும் யோக்கியனா இருந்தா போதுமாய்யா?" என்று மானத்தை வாங்கிவிட்டுத்தான் படி இறங்குவார்.

அப்பேர்ப்பட்ட உத்தமருக்கு அறுபத்தொன்றில் சர்க்கரை வந்தது. "மாத்திரை தினமும் போடணும், தினமும் நடக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டணும். கவனிக்கலைன்னா பார்வை போயிடும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டர். இத்தனை சொன்னதில் மூன்று மாதம் மட்டும்தான் அவர் காதில் ஏறியது. ஓஹோ, இதற்கும் ரீடிங் தேதி உண்டா!

அன்றிலிருந்து ஐயாவின் வைத்தியம் வருஷத்துக்குப் பதினாறு நாள். டெஸ்டுக்கு நாலு நாள் முன்னால் மாத்திரைப் பட்டையைத் தேடி எடுப்பார். சோற்றைப் பாதியாக்குவார். மைதானத்தை ஆறு சுற்று சுற்றிவிட்டு, பார்க்கிறவர்களிடம் எல்லாம் கட்டுப்பாட்டைப் பற்றிப் பிரசங்கம் வேறு. ரத்தம் கொடுத்த கையோடு எதிர்க்கடையில் மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீ, இரண்டு க்ரீம் பன். மீதி நாளெல்லாம் அதே கதைதான். பழைய டாக்டரும் வெறும் வயிற்று ரிப்போர்ட்டைப் பார்த்து, "பேஷ், பேஷ்!" என்று தலையாட்டி அனுப்பிவிடுவார். அவர் பார்த்தது காகிதத்தை, மனுஷனை எங்கே பார்த்தார்?

அவர் மனைவி தையற்காரி. வாயில் ஊசி இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறவள்.

"ஏங்க, மாத்திரை அப்படியே கிடக்குதே?"

"ரிப்போர்ட்டைப் பாத்தியா? நூத்திப் பதினெட்டு! உனக்கென்னடி தெரியும் நம்பரைப் பத்தி?"

ஏழு வருஷம் இப்படியே ஓடியது. கண் டாக்டர் பக்கம் அவர் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. வெட்கங்கெட்ட மனுஷன்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்று, அந்த நாற்காலிக்கு ஒரு டாக்டரம்மா வந்தாள். சீல் வழக்கம்போல நாலு நாள் விரதம் முடித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தார். துணைக்கு வந்த மனைவி பக்கத்தில்.

"வெறும் வயித்துல நூத்திப் பதினெட்டு, நல்லா இருக்கு. ஆனா சராசரி பத்து வந்திருக்கே? ஏழுக்குள்ள இருக்கணும் சார்."

"என்ன சராசரி?"

"போன மூணு மாசமும் சர்க்கரை எப்படி இருந்துச்சுன்னு சொல்ற டெஸ்ட். இன்னைக்கு ஒரு நாளைப் பத்தி இல்ல."

சீலுக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் வாய் சாகுமா? "அந்த லேப் மெஷினை யாராவது செக் பண்ணாங்களா? அதுல சீல் இருக்கா?" என்று எகிறினார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டி, வலது கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னாள்.

உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்தினார். பலகை இருந்தது. எழுத்துகளைக் காணோம். நடுவில் அழுக்குத் தண்ணீர் கொட்டிய மாதிரி ஒரு கறை. கையை எடுத்தார், பொத்தினார், மறுபடி எடுத்தார். வலது கண் இத்தனை நாளும் இடது கண்ணின் வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது, இவருக்குத் தெரியவே இல்லை. இருட்டு மூலைகளில் எல்லாம் நம்பர் படித்த மனுஷன், ஆள் உயரப் பலகையில் ஒரு எழுத்துக்குத் திணறினார்.

அன்று மத்தியானமே கண் டாக்டரிடம் ஓடினார்கள். சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, வெகுநேரம் பார்த்தார் அவர்.

"உள்ள ரத்தம் கசிஞ்சு தழும்பாயிடுச்சு. இடது கண்ணுல போன பார்வை திரும்பாதுங்க. வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. லேசர் வைக்கலாம், ஊசி போடலாம். அதுவும் சர்க்கரை தினமும் அடங்கி இருந்தாத்தான் நிக்கும்."

சீல் சட்டென்று நாற்காலியின் நுனிக்கு வந்தார். குரலில் கெஞ்சல். "ஒரு வாரம் டைம் குடுங்க டாக்டர். குறைச்சுக் காட்டிடறேன்."

கண் டாக்டருக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது. கோபத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"யாருக்குங்க காட்டப் போறீங்க?" என்றாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் உட்கார்ந்திருந்தது இடது பக்கம். முகத்தைப் பார்க்க, அவர் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது.