மிளகு சீசன் முடியட்டும், ஆண்டவரே

மிளகு வாங்குகிறவன் தன் கடைசி விலையைக் கடைசி நிமிஷம் வரைக்கும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த இடத்திலேயே தொழில் முடிந்தது. பல்லேபொல, யட்டவத்த ஊர்களில் வீட்டுத் தோட்டக்காரர்களிடம் சாக்குச் சாக்காக வாங்கி மாத்தளை டவுனில் விற்கிற எனக்கு, இதை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, சந்தையில் ஏமாந்து, ஏமாந்த இடத்திலேயே நின்று கற்றுக்கொண்டது. எனக்கு வாய் நீளம். கோபம் அதைவிட நீளம். இரண்டும்தான் இன்றுவரை சோறு போடுகின்றன.

கஷ்டம் என்னவென்றால், ஆண்டவரிடமும் அதே வாயோடுதான் போய் நின்றேன். என் மனைவி ரோசலின் ஞானஸ்நானம் எடுத்து வருஷக்கணக்காகிவிட்டது. எங்கள் சபையில் அதற்கு ஆற்றில் இறங்கி, தலையும் மறைய முங்கி எழும்ப வேண்டும். அவள் என்னைக் கேட்கிற நேரமெல்லாம் நான், "மிளகு சீசன் முடியட்டும்" என்பேன். மிளகு முடிந்தால் கராம்பு, கராம்பு முடிந்தால் சாதிக்காய், அதுவும் முடிந்தால் மறுபடி மிளகு. ஆராதனைக்கு வந்து கதவுக்குப் பக்கத்துக் கதிரையாகப் பார்த்து உட்காருகிற சகோதரங்களே, உங்களுக்கு இது விளங்கும். நாமெல்லாம் ஒரே கட்சி.

இஞ்சின் சத்தம்

எங்கள் சபையின் பாஸ்டர் செல்வம். பாஸ்டர் ஆவதற்கு முந்தி அவனும் மிளகு வியாபாரி. யட்டவத்த சந்தையில் நான் பேசி வைத்த சரக்கை என் கண் முன்னாலேயே அள்ளிக்கொண்டு போனவன். ஒரு நாள் ஆண்டவர் கூப்பிட்டார் என்று தராசை விற்றுவிட்டுப் போனான். போட்டி ஒழிந்ததென்று அன்றைக்கு நான் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். இப்போது பார்த்தால், என் தலையில் கை வைத்துத் தண்ணீருக்குள் அமுக்குகிற வேலை அவன் கையில்! மாத்தளையில் வேறு கையே இல்லையா?

ஒரு ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும், "யாரு உங்களை ஒப்புக்குடுக்கப் போறீங்க? இன்னைக்கே தீர்மானம் பண்ணுங்க" என்று கேட்டான். கண் என் மேலேயே இருந்தது. நான் எழும்பி வெளியே போனேன். விலை படியாவிட்டால் நாங்கள் செய்கிறது அதுதான். பேச்சை நிறுத்திவிட்டு லொறியில் ஏறி ஸ்டார்ட் பண்ண வேண்டும். விற்கிறவர் பின்னாலேயே ஓடிவந்து, "சரி சரி, இறங்குங்க" என்பார். இங்கேயும் யாராவது ஓடி வரட்டும், கெஞ்சினால் யோசிக்கலாம் என்று இஞ்சினை உறுமவிட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. முடிந்தது. இன்னொன்று ஆரம்பித்தது. ஒருத்தரும் வரவில்லை. எனக்குக் கழுத்து வேர்த்தது. சனமெல்லாம் கலைந்த பிறகு செல்வம் ஜன்னலோரம் வந்தான். முகத்தில் சிரிப்பில்லை. "அண்ணே, நானும் இதே தொழில்தானே செஞ்சேன்? இஞ்சினை நிப்பாட்டுங்க, டீசல் வீணாகுது."

லக்கல ரோட்டில்

மிளகு இல்லாத மாதங்களில் எள் வாங்க லக்கல பக்கம், காட்டை வெட்டிப் பயிரிடுகிற சேனைகளுக்குப் போவோம். அன்றைக்குச் சாமான் ஏற்றி முடியவே பொழுது சாய்ந்துவிட்டது. டிரைவர் முருகேசு ஒரு வளைவில் லொறியைத் திருப்பினான்; நடு ரோட்டில் தனி யானை. பின்னால் போக முடியாது, பள்ளம். இஞ்சினை நிறுத்தி லைட்டையும் அணைத்தான். அது ஆடி ஆடி வந்து, தும்பிக்கையால் முன்கண்ணாடியைத் தடவியது. மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடி மங்கியது. முருகேசு பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் சத்தமாகவே சொன்னேன்: "ஆண்டவரே, வர்ற ஞாயிறே இறங்குறேன். செல்வம் கையாலேயே இறங்குறேன்!"

யானை என்ன நினைத்ததோ, ஒதுங்கிப் பற்றைக்காட்டுப் பக்கம் போனது. லொறி மெல்ல ஊர்ந்தது. எனக்கு மூச்சு வந்தது, மூச்சோடு புத்தியும் வந்தது. "வர்ற ஞாயிறுன்னா கராம்புக்காரங்க வருவாங்க, ஆண்டவரே. அடுத்த மாசம்னு வச்சுக்குவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது முருகேசு கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மொதலாளி, அது இன்னும் ரோட்டோரத்துலதான் நிக்குது. குறைக்கிறதுன்னா கொஞ்சம் தூரம் போய்க் குறைங்க."

திகதி தள்ளிப் போட்ட செக்

அந்த அடுத்த மாதம் வந்தது, போனது. அதற்குப் பிறகுதான் ரோசலினுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கண்டி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இருதயத்தில் ஒப்பரேஷன் செய்யத்தான் வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்தார்கள். திரும்பி வரும் வழியில் அவள் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்: "நான் உள்ளே போறதுக்கு முந்தி நீங்க தண்ணியில இறங்கிட்டீங்கன்னா, எனக்குப் பயமில்லைங்க." என் மூளை கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. வீடு வந்ததும் சொன்னேன்: "ஆண்டவர் உன்னை முதல்ல சுகமாக்கட்டும். நீ வீட்டுக்கு வந்த மறுநாள் நான் முங்குறேன். நியாயமான பேச்சுத்தானே?" அவள் கையிலிருந்த கோப்பையை ணங்கென்று வைத்தாள். "என்னைத் தராசுல வச்சு அவரோட பேரம் பேசாதீங்க. நான் மிளகுச் சாக்கு இல்ல." அதன் பிறகு பேச்சு வார்த்தை இல்லை. சோறு மட்டும் மேசைக்கு வந்தது.

எனக்கோ ஆத்திரம். என் பக்கத்து நியாயம் ஒரு வியாபாரிக்காவது விளங்கும் என்று, டவுனில் என் சரக்கை வாங்குகிற ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு மிளகைப் பல்லில் கடித்துப் பதம் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டார். கடித்ததைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அல்லாஹ்கிட்டயே திகதி தள்ளிப் போட்ட செக்கை நீட்டுறீங்களே மொதலாளி, அந்தத் திகதிக்கு நீங்க இருப்பீங்கன்னு யாரு சொன்னது?"

யாருடைய கை?

சனிக்கிழமை செல்வம் என் மிளகு ஸ்டோருக்கே வந்துவிட்டான். நான் மூட்டைகளுக்கு நடுவில் நின்று கத்தினேன். "உனக்கு என்ன வேணும்? என்னைத் தலைகுனிய வச்சுப் பாக்கணும், அவ்வளவுதானே? சந்தையில முடியாததை ஆத்துல செய்யப் பாக்குறியா? கொழும்புல இருந்து பெரிய பாஸ்டர் யாராவது வரட்டும், அந்த நிமிஷமே இறங்குறேன். உன் கையால மட்டும் நடக்காது!" மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பழைய செல்வமாக இருந்தால் பதிலுக்குப் பதில் பறந்திருக்கும். இவனோ சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"சரி அண்ணே, கொழும்புக்குப் பேசுறேன். யார் கைன்னு எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றான். நான் திகைத்துப்போனேன். எதிராளி ஒரு சொல்லும் பேசாமல் இறங்கி வந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. அப்படி ஒருத்தனை நான் சந்தித்ததே இல்லை. அவன் நம்பரைத் தேடிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்: "ஆனா அவர் வர்றதுக்கு ஒரு மாசமாவது போகும். அக்காவுக்குச் செவ்வாய்க்கிழமை."

அந்தப் போனை நான்தான் பிடுங்கி அவன் பையில் திரும்பப் போட்டேன்.

மஞ்சள் தொட்டி

இரவெல்லாம் மழை. ஞாயிறு காலை வெள்ளைச் சட்டையோடு நான் சுது கங்கைக் கரைக்குப் போனால், ஆறு கலங்கிச் செம்மண் நிறத்தில், மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு போகிறது. கால் வைத்தால் ஆள் மிஞ்சாது. செல்வம் ஆற்றைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், "இன்னைக்கு ஏலாது அண்ணே, அடுத்த ஞாயிறு பாப்போம்" என்றான். அடுத்த ஞாயிறு! வாழ்நாள் முழுக்க நான் மற்றவர்களுக்குச் சொன்ன சொல், முதல் தடவையாக என் காதில் விழுந்தது. பக்கத்தில் குடை பிடித்து நின்ற ரோசலினின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. "அடுத்த ஞாயிறு அவ எங்க இருப்பாளோ! இன்னைக்கே செய்! வாளித் தண்ணியானாலும் இன்னைக்கே!" என்று நான் கத்தியதில் அக்கரையில் நின்ற மாடு திரும்பிப் பார்த்தது. வாளித் தண்ணீர் போதாது, முழுசாக முங்க வேண்டும். அப்போதுதான் என் ஸ்டோர் முற்றத்தில் மஞ்சள் கிழங்கு கழுவுகிற சீமெந்துத் தொட்டி நினைவுக்கு வந்தது.

சபை முழுக்க என் லொறியில் ஏறியது. ஸ்டோர் வாசலில் பல்லேபொலக்காரர்கள் மிளகுச் சாக்குகளோடு காத்துக்கொண்டிருந்தார்கள். என் ஏச்சு வாங்காதவர் அவர்களில் ஒருத்தரும் இல்லை. அவர்களுக்கு முன்னாலேயே செருப்பைக் கழற்றித் தொட்டிக்குள் இறங்கினேன். ஒருத்தர், "மொதலாளி மாத்தயாவுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. வழக்கமாக அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கும். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். ரோசலின் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் இடுப்பளவுதான். மண்டியிட்டு, பின்பக்கமாகச் சாய வேண்டும். முழங்கால் மடிந்தது, உடம்பு சாய்ந்தது, சட்டையெல்லாம் மஞ்சளாகியது, ஆனால் கழுத்து மட்டும் விறைத்து நின்றது. செல்வம் ஒரு தடவை அமுக்கினான். நெற்றி உள்ளே போகவில்லை. இரண்டாம் தடவையும் போகவில்லை. நான் வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. அந்தக் கழுத்துக்கு அப்படித்தான் பழக்கம். அவன் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "அண்ணே, பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. பாரத்தை என் கையில விடுங்க, நான் தாங்குவேன்." விட்டேன்; தலையும் மறைய முங்கி எழும்பினேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வெளியே வந்து, ரோசலின் கண் விழித்துவிட்டாள் என்று சொன்னபோது, பதிலுக்கு நீட்ட என் கையில் ஒரு வாக்குறுதிகூட மிச்சமில்லை. ஒரு வியாபாரிக்கு இதைவிட நிம்மதியான நஷ்டம் கிடையாது.